பேட்டரி செயின் ரம்பம் மாவாகக் கொட்டுகிறதா? பேட்டரியைக் குறை சொல்லுமுன்

கேள்வி இது: “36 வோல்ட் பேட்டரியில் ஓடும் செயின் சா வாங்கி மூன்று மாதம் ஆகிறது. 14 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). கிளை கழிக்கவும் விழுந்த மரத்தைத் துண்டு போடவும் மட்டும்தான் எடுக்கிறேன். முதலில் வாழைத்தண்டை நறுக்குவதுபோல் இறங்கியது. இப்போது உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்த வேண்டியிருக்கிறது, அப்படியும் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு சார்ஜில் முன்பு செய்த வேலையில் பாதிகூட நடப்பதில்லை. பேட்டரி போய்விட்டதா? பெட்ரோல் சாவைவிட இது ஆபத்து குறைந்தது என்று நம்பித்தான் வாங்கினேன். அது சரிதானா?”

முதலில் ஒரு சின்ன விஷயம். ‘சா’ என்று திரும்பத் திரும்ப எழுதினால் தமிழில் கேட்க நன்றாக இல்லை. ரம்பம் என்றே சொல்கிறேன்.

பேட்டரி போயிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் செயின் மொக்கையாகிவிட்டது, அவ்வளவுதான். அறுத்து முடித்ததும் கீழே கொட்டியிருப்பதை அள்ளிப் பாருங்கள். கூரான செயின் விரல்நகம் அளவுக்குச் சீவல் சீவலாகத் தள்ளும். மாவு மாதிரி கொட்டினால் பற்கள் மரத்தை வெட்டவில்லை, தேய்க்கின்றன என்று அர்த்தம். தேய்க்க அதிக மின்சாரம் வேண்டும். அதனால் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, சூடாகிறது. நீங்கள் அழுத்த அழுத்த மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடி, ஓர் அளவைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடுகிறது. நீங்கள் பழுது என்று நினைப்பது அந்தக் காவல்தான். பெட்ரோல் ரம்பமாக இருந்தால் சத்தம் தாழ்ந்து, முக்கி முனகி உங்களுக்குச் சொல்லியிருக்கும். இது சொல்லாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதிலேயே இருக்கிறது. பேட்டரி ரம்பத்தில் புகை இல்லை, சூடான சைலன்சர் இல்லை, கயிறு இழுக்கும் தொல்லை இல்லை, அதிர்வு குறைவு. ஆனால் வெட்டும் பாகம் அதே பாகம். 14 அங்குல பாரில் ஓடும் செயின், பிரித்து நீட்டினால் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதில் இருபத்தைந்து சொச்சம் வெட்டுப் பற்கள். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் ரம்பம் என்றால், பாரின் எந்த ஓர் இடத்தையும் ஒரு விநாடியில் 500 பற்கள் கடந்து போகின்றன. தோலுக்கு அது பெட்ரோலா பேட்டரியா என்று தெரியாது.

வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பெட்ரோல் என்ஜின் உயிரோடு இருந்தால் தெருமுனைவரை தெரியும். அணைந்துவிட்டால் மறுபடி கயிறு இழுத்தால்தான் எழும். பேட்டரி ரம்பம் ஓடாமல் இருக்கும்போதும் விழித்தே இருக்கிறது. மேசைமேல் பேசாமல் கிடக்கும். லாக் பட்டனும் டிரிகரும் சேர்ந்து அமுங்கிய கணத்தில், மின்மோட்டாரின் இயல்புப்படி, நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையோடு கிளம்பும். வேகம் பிடிக்கும்வரை செயினைத் தொடாமல் விடும் கிளட்ச், பெட்ரோல் ரம்பத்தில் இருப்பதுபோல், பெரும்பாலான பேட்டரி ரம்பங்களில் இல்லை.

எனக்கே நடந்த ஒன்று. செயின் தொய்ந்திருந்தது. கூட இருந்த நண்பரிடம் ரம்பத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குனிந்து பாரின் அடியில் செயினை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரியைக் கழற்றவில்லை. இரண்டு நிமிட வேலைதானே என்ற நினைப்பு. கையுறை தடையாக இருக்கிறதென்று கழற்றிப் பார்மேல் போட்டுவிட்டு, தரையில் கிடந்த ஸ்பானரை எடுக்கக் கை நீட்டினேன். ரம்பம் நழுவுவதுபோல் இருக்கவே அவர் பின்கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். உள்ளங்கையில் லாக் பட்டன், ஆள்காட்டி விரலில் டிரிகர். ‘விர்ர்’ என்று ஒரு சின்னச் சத்தம். கையுறை பார் நுனியைச் சுற்றிக் கீழ்ப்பக்கமாக வந்து, செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் சுருண்டு இறுகி நின்றது. வெளியே இழுத்துப் பார்த்தபோது நடுவிரல் பகுதி நாராக இருந்தது. அதற்குள் அரை நிமிடம் முன்புவரை என் விரல் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பழக்கம் மாறவே இல்லை. மரத்தை அறுப்பதைத் தவிர ரம்பத்தோடு வேறு எது செய்தாலும் முதலில் பேட்டரி வெளியே வரும். செயின் இறுக்க, எண்ணெய் ஊற்ற, சிக்கிய பட்டையைப் பிடுங்க, பாரைத் துடைக்க, வண்டியில் ஏற்ற, இன்னொருவர் கையில் கொடுக்க, எல்லாவற்றுக்கும். கழற்றிய பேட்டரியைக் கண்ணில் படும்படி வைப்பேன். சில மாடல்களில் பவர் பட்டன் சும்மா இருந்தால் தானே அணைந்துவிடும். அது நல்ல வசதி, ஆனால் கையைச் செயின்மேல் வைக்க அந்த வசதியை நம்பக் கூடாது. வெட்டி முடித்து அடுத்த கிளைக்கு நாலடி நடக்க வேண்டும் என்றால் மட்டும் செயின் பிரேக் போதும்: முன்னால் இருக்கும் கைக்காப்பை மணிக்கட்டால் முன்பக்கம் தள்ளிவிட்டு நடங்கள்.

அந்தக் கைக்காப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிறையப் பேர் அதைக் கைக்குத் தடுப்பு என்று மட்டும் நினைக்கிறார்கள். அதன் பெரிய வேலை கிக்பேக்கின்போது செயினை நிறுத்துவது.

கிக்பேக் என்பது இது. பாரின் நுனி அரைவட்டமாக இருக்கிறது அல்லவா, அதன் மேல் கால்பகுதியில் செயின் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்த இடம் ஒரு கிளையிலோ, பின்னால் மறைந்திருக்கும் கட்டையிலோ, தரையிலோ பட்டால் பல் அங்கே ஆழமாகக் கடித்துக்கொள்ளும். கடித்த பல் நகர முடியாது, மோட்டார் தள்ளுவதை நிறுத்தாது. ஆகவே நகர்வது ரம்பம். பார் மேல்நோக்கி எழுந்து, உங்கள் தலையும் தோளும் இருக்கும் பக்கமாக வில்போல் வளைந்து வரும். கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதனுக்குக் குறைந்தது 0.2 விநாடி ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். “நான் கவனமாக இருப்பேன்” என்பது இங்கே செல்லுபடியாகாது. நிற்கும் விதமும் பிடிக்கும் விதமும்தான் முன்கூட்டியே காப்பாற்ற வேண்டும்.

பிடி: இடது கை முன்கைப்பிடியில், வலது கை பின்னால். இடதுகைப் பழக்கம் உள்ளவருக்கும் இதேதான். ரம்பம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இடது கட்டைவிரல் கைப்பிடிக்கு அடியில் சுற்றி வந்து மற்ற விரல்களைச் சந்திக்க வேண்டும். கட்டைவிரலை மேலே மற்ற விரல்களோடு சேர்த்து வைப்பது பலருக்குப் பழக்கம். அந்தப் பிடி கிக்பேக்கில் வழுக்கிக்கொண்டு போய்விடும். இடது முழங்கையை மடக்காமல் நீட்டி வையுங்கள். பார் மேலே எழுந்தாலும் அது போகும் தளத்தில் உங்கள் கழுத்து இருக்கக் கூடாது; அதற்கு ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் விலகி நில்லுங்கள். தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்காதீர்கள். ஏணிமேல் நின்று செயின் ரம்பம் ஓட்டுவது பற்றி நான் எந்த நுணுக்கமும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அதைச் செய்யக் கூடாது. இரண்டு கையும் ரம்பத்தில் இருந்தால் ஏணியை எந்தக் கையால் பிடிப்பீர்கள்?

செயின் பிரேக்கை ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் சோதியுங்கள். ரம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து, பார் எதிலும் படாமல் ஓடவிட்டு, இடது மணிக்கட்டால் காப்பை முன்னே தள்ள வேண்டும். செயின் உடனே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு போய் நின்றால் மூடிக்குள் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அப்பியிருக்கும், அல்லது பிரேக் பட்டை தேய்ந்திருக்கும். சரிசெய்யாமல் அன்று வேலை இல்லை.

இப்போது ஒற்றைக் கையால் பிடிக்கும் குட்டி ரம்பங்கள் நிறைய வந்துவிட்டன, 4 அங்குலம், 6 அங்குலம் என்று. பொம்மைபோல் இருப்பதால் வீட்டில் எல்லோரும் எடுக்கிறார்கள். பலவற்றில் செயின் பிரேக் கிடையாது. அதில் நடக்கும் விபத்து வேறு மாதிரி: வலது கையில் ரம்பம், இடது கை கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிளை அறுந்ததும் ரம்பம் அதே வேகத்தில் இடது கைக்குப் போகும். ரம்பமே இரண்டு கை பிடிக்கும்படி அமைந்திருந்தால் இரண்டு கையாலும் பிடியுங்கள். இல்லையென்றால் காலியாக இருக்கும் கை, பார் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தள்ளியாவது இருக்கட்டும்.

உடுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முகத்துக்குக் கம்பிவலைத் திரையும் அதன் உள்ளே கண்ணாடியும், வழுக்காத பூட்ஸ், காதுக்கு மஃப். சத்தம் குறைவு என்பது பெட்ரோலோடு ஒப்பிட்டுத்தான். மரத்தில் இறங்கும்போது 90 டெசிபலைத் தொடும் பேட்டரி ரம்பங்கள் உண்டு, நாள் முழுக்க அதைக் கேட்டால் காது போகும். தொங்கும் துணி, கழுத்தில் துண்டு, பெரிய கைப்பட்டை எதுவும் வேண்டாம்.

செயின் ரம்பத்துக்கென்று விற்கும் கால்சட்டையில் உள்ளே நீளநீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் மேல்துணியைக் கிழித்ததும் அந்த இழைகள் கொத்தாக வெளியே வந்து ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி ரம்பத்தைத் திணறடித்து நிறுத்தும். அதில் வகுப்பு எண் போட்டிருக்கும்: வகுப்பு 0 என்றால் விநாடிக்கு 16 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதித்தது, வகுப்பு 1 என்றால் 20 மீட்டர், வகுப்பு 2 என்றால் 24. உங்கள் ரம்பத்தின் கையேட்டில் செயின் வேகம் இருக்கும். பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை. மின்மோட்டார் வேகம் குறையும்போதும் முறுக்குவிசையை விடாது என்பதால், பெட்ரோல் ரம்பத்தைத் திணறடிப்பதுபோல் அவ்வளவு சுலபமாக இதை இழைகளால் திணறடிக்க முடியாமல் போகலாம். கால்சட்டை காயத்தின் ஆழத்தைக் குறைக்கும் பொருள், கவசம் என்று நினைக்க வேண்டாம்.

அறுக்கும் வேலைக்கு வருகிறேன். செயின் மரத்தைத் தொடுமுன் முழு வேகத்துக்கு வந்திருக்க வேண்டும். பார் தொடங்கும் இடத்தில் ரம்பத்தின் உடம்பை ஒட்டி இருக்கும் இரும்பு முட்களை மரத்தில் ஊன்றி, அதையே அச்சாக வைத்துப் பின்கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் போதும். ரம்பத்தின் எடையே இறங்கும். பாரின் கீழ்ப்பக்கத்தால் அறுத்தால் ரம்பம் மரத்தை நோக்கி இழுக்கும், மேல்பக்கத்தால் அறுத்தால் உங்களை நோக்கித் தள்ளும். இரண்டும் இயல்பு. எதிர்பார்த்து நின்றால் தொந்தரவு இல்லை.

துண்டு போடும்போது பார் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் ஒன்றுதான்: மரம் எந்தப் பக்கம் அமுங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல் அறுப்பது. ஒரு பச்சைக் குச்சியை இரண்டு கட்டைகள்மேல் பாலம்போல் வைத்து நடுவில் அழுத்திப் பாருங்கள். மேல்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் மரம் அப்படித்தான் இருக்கிறது. அதை மேலிருந்தே கடைசிவரை அறுத்தால் வெட்டு வாய் மூடிக்கொண்டு பாரைக் கவ்வும். மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக அறுத்து அந்த வெட்டைச் சந்திக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நிற்கும் கட்டை என்றால் நேர்மாறு: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. இந்தக் கீழ்வெட்டைப் போடாவிட்டால், அறுந்து விழும் துண்டு அடியில் பட்டையையும் நாரையும் நீளமாகக் கிழித்துக்கொண்டு போகும். மரத்தில் நிற்கும் கிளையைக் கழிப்பதற்கும் இதே கணக்குதான்.

மாட்டிக்கொண்டால் டிரிகரை அழுத்திக்கொண்டே உலுக்காதீர்கள். மோட்டாருக்கும் கேடு, விடுபடும் கணத்தில் உங்களுக்கும் கேடு. டிரிகரை விடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு பிளாஸ்டிக் ஆப்போ மர ஆப்போ வெட்டு வாயில் அடித்து விரித்து எடுங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம். என்றாவது செயின் அதில் படும்.

வளைந்து விறைத்து நிற்கும் இளமரங்கள் மிக மோசமானவை. பெரிய மரம் விழும்போது அதன் அடியில் மாட்டி வில்லாக வளைந்திருக்கும். அதை வெட்டியதும் அடங்கியிருந்த விசை முழுவதும் ஒரே வீச்சில் வெளிவரும். வளைவின் வெளிப்பக்கத்தை ஒருபோதும் ஒரே வெட்டாக அறுக்கக் கூடாது. வளைவின் உட்பக்கத்தில் பட்டையையும் மரத்தையும் சிறிது சிறிதாகச் சுரண்டி, விசையை மெதுவாக வடிய விட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். செய்து பழகாதவர் அதை விட்டுவிடுவதே சரி.

நிற்கும் மரத்தை வீழ்த்துவது பற்றி ஒரு பத்தியில் சொல்லிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்: விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் வாய்வெட்டு, மறுபக்கத்திலிருந்து பின்வெட்டு, இரண்டுக்கும் நடுவே மரத்தின் விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் கீல்போல் விட வேண்டும். மரம் அந்தக் கீலில் திரும்பித்தான் விழுகிறது. அதை அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு ஆட்கள் மர உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். உங்கள் பார் 14 அங்குலம். சாய்ந்த மரம், உள்ளே உளுத்த மரம், இன்னொரு மரத்தில் மாட்டித் தொங்கும் மரம், கம்பிக்கு அருகில் நிற்கும் மரம் இவற்றுக்கு அனுபவசாலியைக் கூப்பிடுங்கள்.

சரி, மொக்கைச் செயினுக்குத் திரும்புவோம். இதைக் கற்றுக்கொண்டால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

இன்று நாம் பயன்படுத்தும் செயின் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரவெட்டியாக இருந்த ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடைந்து போகும் வண்டின் புழுவைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமும் மாறிமாறிக் கடித்துக்கொண்டே போயின. அதே அமைப்பில் ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம் என்று வளைந்த செயினை 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு இருந்த செயின்கள் கைரம்பத்தின் பல்லைப்போல் கீறிக்கொண்டு போனவை.

ஒவ்வொரு பல்லையும் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் உயர்ந்து கொக்கிபோல் வளைந்திருப்பது வெட்டும் பாகம். அதற்கு முன்னால் சுறாத் துடுப்புபோல் ஒரு சின்ன மேடு இருக்கும். அது வெட்டாது, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளவு வைக்கிறது. இரண்டின் உயர வித்தியாசம் சாதாரணமாக 0.65 மில்லிமீட்டர். வெட்டும் முனையில் வெளிச்சம் படும்படி திருப்புங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பித் தராது. விளிம்பில் வெள்ளைக் கோடு மாதிரி மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. மண்ணிலோ ஆணியிலோ ஒரே ஒரு தடவை பட்டிருந்தாலும் எல்லாப் பற்களிலும் அந்தக் கோடு இருக்கும். தரையில் கிடக்கும் மரத்தைத் துண்டு போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கடைசி ஒரு அங்குலத்தில் செயின் மண்ணைத் தொடுகிறது. முக்கால் ஆழம் அறுத்துவிட்டு மரத்தைப் புரட்டிப் போட்டு மீதியை அறுங்கள்.

கூர் தீட்ட வட்ட அரம் போதும். அளவு செயினைப் பொறுத்தது. இந்த வகை ரம்பங்களில் பரவலாக இருக்கும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்குப் பொதுவாக 4 மில்லிமீட்டர், .325 செயினுக்கு 4.8 (3/8, .325 என்பவை செயின் கண்ணிகளின் இடைவெளியை அங்குலத்தில் சொல்லும் எண்கள்). கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தப்பான அரம் பல்லின் வளைவையே கெடுத்துவிடும். பேட்டரியைக் கழற்றி, பாரை வைஸில் பிடித்து, கையுறை போட்டுக்கொண்டு உட்காருங்கள். பல்லின் மேல்தகட்டில் சாய்வாக ஒரு கோடு பொறித்திருப்பார்கள், பெரும்பாலும் 30 டிகிரி. அரத்தை அந்தக் கோட்டுக்கு இணையாக, அதன் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரியும்படி வைத்து, உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அரம்தான் வீணாகும். மூன்று நான்கு தள்ளு போதும், வெள்ளைக் கோடு மறையும்வரை. ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் வந்து உட்கார்ந்து அடுத்ததைத் தொடங்குங்கள். முதல் பல்லில் ஒரு மார்க்கர் புள்ளி வைத்துக்கொண்டால் எங்கே தொடங்கினோம் என்ற குழப்பம் இருக்காது.

தள்ளுகளை எண்ணுங்கள். நமக்கு ஒரு கை எப்போதும் கொஞ்சம் பலமாக இருக்கும், அந்தப் பக்கத்துப் பற்கள் குட்டையாகிவிடும். அப்புறம் ரம்பம் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து அறுக்கும். “பார் வளைந்துவிட்டது” என்று வருகிறவர்களில் பலருக்கு வளைந்திருப்பது பார் இல்லை, இந்தக் கணக்கு. எல்லாப் பற்களையும் இருப்பதிலேயே குட்டையான பல்லின் நீளத்துக்குக் கொண்டுவந்தால் நேராகிவிடும்.

நாலைந்து தடவை தீட்டிய பிறகு அந்தத் துடுப்பு மேட்டையும் பார்க்க வேண்டும். பல் தேயத்தேய அதன் உயரம் குறைகிறது, மேடு அப்படியே நிற்கிறது. கூராக இருந்தும் அறுக்காத செயினின் ரகசியம் இதுதான். அதற்கென்று இருக்கும் அளவுத் தகட்டைச் செயின்மேல் வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத் தட்டை அரத்தால் ஓரிரு தள்ளு. கூடுதலாகக் குறைத்துவிடாதீர்கள். மேடு தாழ்ந்துவிட்டால் பல் அளவுக்கு மீறிக் கடிக்கும், ரம்பம் குதிக்கும், கிக்பேக் கூடும், பேட்டரியும் திணறும். பல்லின் மேல்தகடு 4 மில்லிமீட்டருக்குக் கீழ் வந்தால், அல்லது பொறித்த தேய்மானக் கோட்டைத் தொட்டால், புதுச் செயின்தான்.

எண்ணெய்! பேட்டரி ரம்பம் என்றால் எண்ணெய் வேண்டாம் என்று நினைத்து மாதக்கணக்கில் வறட்டுச் செயின் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என்ஜினுக்குத்தான் எண்ணெய் வேண்டாம், செயினுக்கு வேண்டும். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் டேங்கையும் பாருங்கள். பார் நுனியை வெளிர்நிற மரப்பலகைக்கு ஒரு சாண் மேலே காட்டி அரை நிமிடம் ஓட்டினால் பலகையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி, அதன் பின்பக்கத்துச் சின்ன எண்ணெய்த் துளையையும், செயின் ஓடும் காடியையும் (பள்ளத்தையும்) மெல்லிய தகடு விட்டுச் சுரண்டுங்கள். எண்ணெயில் ஊறிய தூள் களிமண்போல் அடைத்திருக்கும். செயினுக்கென்று விற்கும் எண்ணெயில் ஒட்டும் தன்மை இருக்கும், வேகத்தில் சிதறிப் போகாது. பழைய என்ஜின் எண்ணெயை ஊற்றாதீர்கள். அதில் இரும்புத்துகள் இருக்கும், அதோடு அது நுண்துளியாக உங்கள் மேலும் மண்மேலும் தெறிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் அதில் உண்டு. தாவர எண்ணெய் மண்ணுக்கு நல்லது, ஆனால் மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் பிசினாகி பம்பை அடைக்கும்.

சும்மா வைத்திருக்கும்போது ரம்பத்தின் அடியில் எண்ணெய் கசிந்திருப்பது பெரும்பாலும் பழுதல்ல. கீழே ஓர் அட்டை போட்டு வையுங்கள்.

செயின் இறுக்கம்: பாரின் அடிப்பக்கம் செயின் தொங்கக் கூடாது, நடுவில் பிடித்து இழுத்தால் கீழ்க்கண்ணிகள் காடியை விட்டு முழுதாக வெளியே வரக் கூடாது, விட்டதும் ‘டப்’ என்று பழைய இடத்துக்குப் போக வேண்டும், கையால் (கையுறையோடு) இழுத்தால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். புதுச் செயின் முதல் நாளில் பல தடவை தளரும். அறுக்கும்போது சூடாகி நீளும், அந்தச் சூட்டோடு இறுக்கினீர்கள் என்றால் வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிட மறக்காதீர்கள். ஆறும்போது சுருங்கி பாரையும் மோட்டார் தண்டையும் நெரிக்கும். செயின் மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துப் பிசிறு தட்டினால் தட்டை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, பாவம், நீங்கள் சந்தேகப்பட்ட பேட்டரி. 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 144 வாட்-மணி. மொக்கைச் செயின் அதைத் தேய்த்துச் சூடாக்கியே தீர்த்துவிடும். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் மாட்டாதீர்கள், கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் முழுச் சார்ஜிலும் வைக்க வேண்டாம், காலியாகவும் வைக்க வேண்டாம். பாதி அளவில், ரம்பத்திலிருந்தும் சார்ஜரிலிருந்தும் கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கண்டிப்பாக வேண்டாம். ஆணி, நாணயம், ஸ்பானர் கிடக்கும் பையில் போடாதீர்கள், இரண்டு முனையையும் ஏதாவது இணைத்துவிட்டால் தீப்பிடிக்கும். உயரத்திலிருந்து விழுந்து வெடிப்பு விட்டதோ, உப்பியதோ இருந்தால் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம். அதை வீட்டுக் குப்பையில் போடாமல் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: பேட்டரியைக் கழற்றுங்கள், செயினைத் தீட்டுங்கள், டேங்கை நிரப்புங்கள், அதே மரத்தில் அழுத்தாமல் ஒரு வெட்டு போட்டுப் பாருங்கள். சீவல் வந்தும் பேட்டரி பாதியில் நின்றால் எழுதுங்கள். அப்போது பேட்டரியின்மேல் எனக்கும் சந்தேகம் வரும்.